மாவு இறங்கிய குழாய்

அப்பாவுக்கு வணக்கம். முழங்கால் வலி தேவலையா? நான் சௌக்கியம். பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

போன வாரம் ஒரு வேடிக்கை. ஆலையில் நான் அளவு போட்டுக் கொடுத்த மாவுக் குழாய் அடைத்துக்கொண்டது. ஃபோர்மேன் சுத்தியலால் தட்டிப் பார்த்துவிட்டு, "ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதும்மா, கழட்டிடலாம்" என்றார்.

"ஒரு நாள் பொறுங்கண்ணே" என்று ஏறிப் பார்த்தேன். சரிவு போதுமானதுதான். ஈரக்காற்றில் கெட்டிப்பட்ட மாவு, குறுகலான வாய்க்குக் குறுக்கே வளைவு கட்டி நின்றது. தப்பு என்னுடையதுதான். வாயை அகலமாக்கினோம்.

குழாயின் கண்ணாடி ஜன்னலுக்குள் மாவு ஓசையில்லாமல் இறங்கியது. பார்த்தபடி நின்றதில் எந்த ஊரில் இருக்கிறேன் என்பதே மறந்துபோனது.

"கனவு போதும், கையெழுத்துப் போடும்மா" என்று வேலை முடிந்த தாளை நீட்டி ஃபோர்மேன் சிரித்தார்.

காலையில் நீங்கள் சத்தமாகப் பேப்பர் படிப்பதை போனில் பதிவு செய்து அனுப்புங்கள், அப்பா. ராசிபலன் போதும். என் ராசி மட்டுமல்ல, பன்னிரண்டையும் படியுங்கள்.

பஸ் வந்துவிட்டது.

உங்கள் மகள்