மாங்கனித் தெருவில் ஒரு பால்கனி

அன்பு மகள் முத்தமிழுக்கு அம்மா எழுதுவது. பாரிசில் நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க நம் காரைக்கால் அம்மையார் துணை. இங்கே அப்பாவுக்குச் சளி விட்டுவிட்டது, எனக்குத்தான் தூக்கம் இல்லை. போனில் சொன்னால் மீட்டிங் அம்மா என்று வைத்துவிடுகிறாய், அதனால் காகிதத்தில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். முழுதும் படி.

நீ வரைந்து கொடுத்த ஷாப்பிங் மால் அழகாகத்தான் வந்திருக்கிறது, இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். பிரெஞ்சுக்காரன் காலத்து வீடு மாதிரியே மஞ்சள் சுண்ணாம்புப் பூச்சு, நடுவில் வெயில் விழும் முற்றம், ஏசி இல்லாமலே காற்று. பாத்ரூம் கழுவக்கூட மழைத் தண்ணீர்தானாம் என்று அப்பா போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். அம்பகரத்தூர் செல்லம் சித்தி பஸ் ஏறி வந்து பார்த்துவிட்டு உனக்குத் திருஷ்டி கழிக்கச் சொன்னாள். என் பயமெல்லாம் முகப்பு மாடியில் வரிசையாக இருக்கும் அந்தப் பால்கனிகள்தான். சிமெண்டும் கம்பியும் மிச்சம், பூமிக்கு நல்லது, வெறும் லேசான பலகை, பார்க்கத்தான் பழசு என்று நீதானே பெருமையாகச் சொன்னாய். ஆள் நிற்க இல்லை, அதனால் கதவே கிடையாது, ஜன்னல்தான் என்றாய். இப்போது அந்த ஜன்னல்களை இடித்துக் கதவு வைத்துவிட்டார்கள் முத்து. நேற்று என் கண்ணால் பார்த்தேன்.

மாங்கனித் திருவிழா வருகிறதல்லவா, மாலில் சாமான் வாங்குகிறவர்கள் பால்கனியில் நின்று மாம்பழம் இறைக்கலாம் என்று ஓனர் ஜவஹர் அலி பாய் போர்டே வைத்துவிட்டார். பிச்சாண்டவர் சாமி ஊர்வலம் அந்த வழியாகத்தான் வரும். மேலே கூடை கூடையாகப் பழத்தோடு ஆட்கள், கீழே பழம் பிடிக்க முந்தானை விரித்துக்கொண்டு பெண்கள், பிள்ளைகள். அந்தத் தெருவில் மாடி என்று ஒன்று இருந்தால் அன்றைக்கு ஆள் ஏறாமல் இருக்குமா? தாவூது கடை மாடியில் ஏறி நின்று பழம் எறிந்தவள்தானே நீ, எப்படியடி மறந்தாய்?

பாயிடம் போய்ச் சொன்னேன். நல்ல மனிதர், நாற்காலி போட்டு டீ கொடுத்து, நம்ம ஊருப் புள்ளக்கா, திருவிழா தெரியாமலா பால்கனி வச்சிருக்கும், மொதப் பழத்த நீங்கதான் எறியணும் என்று சிரிக்கிறார். உன்மேல் அவ்வளவு நம்பிக்கை. இன்ஜினியர் நீலகண்டனோ, வரைஞ்சவங்க எழுதிக் குடுத்தா ஒடனே அடச்சிடுறேங்கம்மா, நானா செஞ்சா ஓனர் கோச்சுக்குவாரு என்கிறார். ஆள் நிற்கக்கூடாது என்று டிராயிங்கிலேயே போட்டிருக்கிறேன் என்கிறாய் நீ. டிராயிங்கை யார் பிரித்துப் பார்க்கிறார்கள்? கம்பி போட்டு அடைத்தால் முகப்பு கெட்டுவிடும், பரிசுக்கு அனுப்பிய படம் போலிருக்காது என்று நீ இழுத்தாயே, அப்போது வந்த கோபம் எனக்கு இன்னும் போகவில்லை. உன் பெயருக்கு ஒரு சொல் வந்தால் எனக்கும் வலிக்கும்தான். ஆனால் அடிபடப்போவது உன் பெயர் மட்டுமில்லையே.

இதைப் படித்ததும் பாயைக் கூப்பிடு, பால்கனியில் ஆள் ஏறக்கூடாது என்று கையெழுத்துப் போட்டு அனுப்பு. வேளைக்குச் சாப்பிடு. மாப்பிள்ளையிடம் கேட்டதாகச் சொல். இருவரும் நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழ வேண்டும். கையெழுத்து வரவில்லை என்றால் பால்கனி தாங்கும் என்று நீ சொல்வதாகவே எடுத்துக்கொள்வேன், பாய் கேட்டபடி பழக்கூடையோடு முதல் ஆளாக நானே ஏறுவேன்.

இப்படிக்கு
உன் அம்மா
அஞ்சுகம்