அரை ஊசி

மார்ச் 3

அன்புள்ள பொடிசுக்கு,

அண்ணி எழுதுவது. ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்க்கும் நாற்பத்தைந்து வயதுக்காரியை இன்னும் பொடிசு என்று கூப்பிடலாமா என்று உன் அண்ணன் கேட்கிறார். நான் மருமகளாக வந்த அன்று உனக்குப் பத்தொன்பது வயது. அன்றைக்குக் கொடுத்த பட்டம். கொடுத்ததைத் திரும்ப வாங்கும் பழக்கம் எனக்கில்லை.

போன் இருக்க எதற்குக் கடிதம் என்பாய். போனில் நமக்கு இரண்டாவது நிமிடமே சண்டை வந்துவிடும். கடிதத்தில் சண்டை போட உறை தேட வேண்டும், தபால்தலை ஒட்ட வேண்டும். அதற்குள் எனக்குக் கோபம் ஆறிவிடும்.

முதலில் நன்றி. கட்டி இருப்பது நான் உட்காரும் இடத்தில். அதை வெட்டினால் காலுக்குப் போகும் நரம்பும் சேர்ந்து போய்விடும் என்று மூன்று பேர் கைவிரித்துவிட்டார்கள். நீ என்னை அனுப்பி வைத்த டாக்டரம்மாதான் சோதனைச் சிகிச்சையில் என்னைச் சேர்த்துக்கொண்டிருக்கிறார். கண்ணுக்கே தெரியாத இரும்புத் துகளைக் கட்டிக்குள் விட்டு, என்னைக் காந்த இயந்திரத்தில் படுக்க வைப்பார்களாம். துகள் சூடாகுமாம். கட்டி வேகும், நான் வேகமாட்டேனாம்.

"அப்ப உள்பக்கமா இஸ்திரி போடறீங்க?" என்றேன்.

"அப்படித்தான் வச்சுக்குங்களேன்."

"துணி கருகாம பாத்துக்குங்க டாக்டரம்மா. இந்த ஒரு துணிதான் இருக்கு."

அவர் சிரித்தார். உன் அண்ணன் சிரிக்கவில்லை. வெளியே வந்ததும், "துருவையா உள்ள ஏத்தப் போறாங்க?" என்றார். இருபத்தாறு வருஷமாக என்னோடு குடித்தனம் நடத்தும் மனிதர் துருவுக்குப் பயப்படுகிறார்!

ஆறு பக்கப் படிவம் கொடுத்தார்கள். உடம்பில் உலோகம் ஏதாவது உண்டா என்று நாலு இடத்தில் கேட்டிருந்தார்கள். நாலிலும் "இல்லை" என்று எழுதினேன். எனக்கு மறை கழன்றுவிட்டது என்று உன் அண்ணன் சொல்வதெல்லாம் அதில் சேராதாம். இருபத்தைந்தாம் தேதி இயந்திரம். அந்தத் துகளைச் செய்வது உங்கள் ஆராய்ச்சிக்கூடம்தானாம், நீ கழுவியதே எனக்கு வந்தாலும் வரலாம். நன்றாகக் கழுவு.

உன் அண்ணி

*

மார்ச் 9

அன்புள்ள அண்ணிக்கு,

கடிதம் வந்த அன்று நான் துகள்தான் கழுவிக்கொண்டிருந்தேன். இரும்பு உப்புக் கரைசலில் அமோனியாவை விட்டால் கண்ணெதிரே கறுத்துப்போகும். பாறையில் கிடைக்கும் காந்தக்கல்லும் அதுவும் ஒரே கனிமம். குடுவைக்கு அடியில் காந்தத்தைப் பிடித்துக்கொண்டு தண்ணீரைக் கொட்டினால், துகள் மட்டும் அடியில் ஒட்டிக்கொண்டு நிற்கும். இப்படி ஏழு முறை. நான்காவது முறையில் உங்கள் படிவம் ஞாபகத்துக்கு வந்தது. குடுவையை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்து உட்கார்ந்தேன்.

அண்ணி, "இல்லை" என்று நீங்கள் எழுதியது தப்பு. உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

நீங்கள் வந்த புதிதில், ஜன்னலோரம் என் நாற்காலி இருந்த இடத்தில் உங்கள் தையல் இயந்திரத்தைப் போட்டார்கள். நாற்காலியும் உங்களுக்குப் போனது. ஒருநாள் நீங்கள் ஊசியில் உட்கார்ந்தீர்களே, "நானே போட்ட ஊசி, நானே உட்கார்ந்தேன்" என்று சொல்லி வீடே சிரித்ததே, அந்த ஊசியை நான்தான் வைத்தேன். வேண்டுமென்றே வைத்தேன். எழுந்து ஓடுவீர்கள் என்று மட்டும்தான் நினைத்தேன்.

நீங்கள் துள்ளி எழுந்ததும் அதை எடுத்துக்கொண்டு ஓடினேன். கையைத் திறந்து பார்த்தால் அரை ஊசிதான் இருந்தது. தரையெல்லாம் தேடினேன், மறுபாதி கிடைக்கவில்லை. உங்களுக்குக் காய்ச்சல்கூட வரவில்லை. அதனால் வாயைத் திறக்கவில்லை. வருஷம் ஆக ஆகச் சொல்வது இன்னும் கஷ்டமாகிவிட்டது.

அந்த இயந்திரத்துக்குள் ஊசி பழுக்கக் காய்ச்சிய கம்பி மாதிரி ஆகிவிடும். இன்று காலையே டாக்டரம்மாவுக்குப் போன் செய்துவிட்டேன். இதற்காக உங்களைச் சிகிச்சையிலிருந்து நீக்கினாலும் நீக்கலாம் என்றார். அந்தப் பயத்தோடுதான் சொன்னேன். பழைய ஊசி என்று மட்டும்தான் அவரிடம் சொன்னேன். யார் வைத்தது என்பது உங்களுக்கு மட்டும்.

அந்தப் பாதி இன்னும் என்னிடம் இருக்கிறது. எறிய மனம் வரவில்லை.

உங்கள் பொடிசு

*

மார்ச் 30

அண்ணிக்கு,

இருபத்தைந்து போய் ஐந்து நாளாகிறது. அண்ணனுக்குப் போன் செய்தால் "எல்லாம் நடக்குது" என்று சொல்லி வைத்துவிடுகிறார். உங்களைப் பேசச் சொன்னால் தூங்குகிறீர்கள் என்கிறார். நீங்கள் பகலில் தூங்கி நான் பார்த்ததே இல்லை.

திட்டியாவது எழுதுங்கள். பதில் போட, தபால்தலை ஒட்டிய உறையும் உள்ளே வைத்திருக்கிறேன்.

பொடிசு

*

ஏப்ரல் 12

அன்புள்ள பொடிசுக்கு,

கோபம் என்றுதானே நினைத்தாய்? ஒரு வாரம் கோபம்தான், மறைப்பானேன். மீதி நாளெல்லாம் குப்புறப் படுத்துக் கிடந்தேன். அந்த வாக்கில் நீ ஒரு கடிதம் எழுதிப் பார், தெரியும்.

ஊசி இருந்தது. பழைய ஸ்கேனிலேயே ஒரு வெள்ளைக் கீறல் தெரிந்ததாம். சுண்ணாம்புப் படிவு என்று எழுதி வைத்துவிட்டார்களாம். கட்டியிலிருந்து நாலே விரல் தூரம். படிவத்தில் தப்பாக எழுதியவளை வைத்துக்கொள்வதா என்று இரண்டு நாள் கூட்டம் போட்டார்கள். அந்த இரண்டு நாளும் உன் அண்ணன் சாப்பிடவில்லை. நான் அவர் பங்கையும் சேர்த்துச் சாப்பிட்டேன், பயத்தில் எனக்குப் பசிக்கும். கடைசியில் டாக்டரம்மா, "தெரியாம எழுதினவங்க, தெரிஞ்சதும் சொல்லிட்டாங்க" என்று பேசி என்னை மீட்டார். சொன்னது யார்? நீ. அந்த வாக்கியத்தில்தான் நான் இன்றைக்கு உட்கார்ந்திருக்கிறேன், மெத்தை போட்டு.

மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு, உன் ஊசியை எடுத்தார்கள். மூன்று தையல். நான் போட்டிருந்தால் தையல் இருப்பதே தெரியாது. பிறகு துகளை ஏற்றி, இரண்டு முறை இயந்திரத்தில் படுத்தாயிற்று. வெயிலில் கிடந்த கல்லில் உட்கார்ந்த மாதிரி ஒரு சூடு, அவ்வளவுதான். நேற்று ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டரம்மா "குணம்" என்ற வார்த்தையை வாயிலிருந்து விடமாட்டேன் என்கிறார். "சின்னதாயிருக்கு" என்றார். எனக்கு அது போதும்.

இப்போது நான் ஒன்று சொல்ல வேண்டும். அந்த ஊசியை வைத்தது நீ என்று எனக்கு அன்றைக்கே தெரியும்.

தையல்காரி வெளியில் எடுத்த ஊசிகளை எண்ணி, ஊசி செருகும் குட்டி மெத்தையில் குத்தாமல் எழமாட்டாள். அன்று மதியம் பன்னிரண்டு இருந்தது, மாலையில் பதினொன்று. நீ கையை மூடிக்கொண்டு ஓடியதையும் பார்த்தேன். முழு ஊசியும் உன் கையில் என்றுதான் நினைத்தேன். நானே போட்டது என்று சொன்னதற்குக் காரணம், உன் அப்பாவின் அடி எப்படி விழும் என்று எனக்கும் தெரிந்திருந்தது. இன்னொரு காரணமும் உண்டு. அது உன் ஜன்னல். வெளிச்சத்துக்காக நான் பிடுங்கிக்கொண்டேன். உன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"கையைத் திற" என்று அன்றைக்கு உன்னிடம் சொல்லியிருந்தால் அரை ஊசி அப்போதே தெரிந்திருக்கும். சொல்லாமல் பெரிய மனுஷி வேஷம் போட்டேன். வேஷத்தை எங்கே வைத்திருந்தேன் என்று ஸ்கேனில் எல்லாரும் பார்த்துவிட்டார்கள்.

நீ சும்மா இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. நான் கருகியிருப்பேன், இயந்திரக் கோளாறு என்று எழுதியிருப்பார்கள். நீ சொன்னாய். அதற்கு நான் எத்தனை நன்றி எழுதினாலும் இந்தத் தாள் போதாது. தபால்தலைக்கும் சேர்த்து நன்றி.

என் பாதியைக் குப்பியில் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். உன் பாதியை எடுத்துக்கொண்டு, விடுப்பு போட்டுவிட்டு வா. சேர்த்து வைத்துப் பார்க்கலாம்.

தையல் இயந்திரத்தை உள்ளே தள்ளிப் போடச் சொல்லிவிட்டேன். ஜன்னலோர நாற்காலி உனக்குத்தான். தடவிப் பார்க்காமல் உட்காரலாம். இப்போதுதான் எண்ணினேன், பன்னிரண்டு ஊசியும் அந்தக் குட்டி மெத்தையில் இருக்கின்றன.

உன் அண்ணி