உன் முதலைக்குப் பின்னால் ஒரு மலை

கல்லடி,
மட்டக்களப்பு.
ஞாயிற்றுக்கிழமை.

மகன் நிலோஜனுக்கு அப்பா எழுதிக்கொள்வது.

ஆண்டவன் புண்ணியத்தில் நானும் அம்மாவும் தங்கச்சியும் உயிரோடு இருக்கிறோம், வாவி முதலை இன்னும் எங்களில் ஒருவரையும் விழுங்கவில்லை. சூரிச்சில் நீயும் மருமகளும் சுகமாக இருக்கவேண்டுமென்று களுதாவளைப் பிள்ளையாரிடம் சொல்லிவிட்டுத்தான் வந்தேன், கோபம் வேறு வேண்டுதல் வேறு. அம்மாவின் முழங்கால் நோ முன்னைப்போலத்தான், நீ அனுப்பின பூச்சு மருந்து மணக்கிறதே தவிர வேலை செய்யவில்லை. நம்முடைய வட்டை வயலில் நெல் இன்னும் கதிர் வெளிவராமல் குடலைப் பருவத்தில் நிற்கிறது, மழை கெடுக்காமல் இருந்தால் சரி. இதெல்லாம் போனில் சொல்லக்கூடிய சங்கதிதான். எடுக்கிற நேரமெல்லாம் மீற்றிங் என்று வெட்டிவிடுகிறாய். கடிதத்தை வெட்ட ஏலாது, இருந்து வாசி.

உன்னுடைய 'மட்டு இடிமுழக்கம்' பேஸ்புக் பக்கத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். தொடங்கின நேரம் என்ன சொன்னாய்? "ஊர்ல நடக்கிற கலைவிழா, வகுப்பு, கூட்டம் எல்லாம் போடப்போறன், நடத்துறது ஆரெண்டு மட்டும் வெளியில சொல்லிராதீங்க அப்பா" என்றாய். பிள்ளை ஏதோ நல்ல காரியம் செய்கிறான் என்று நானும் அம்மாவும் வாயை மூடிக்கொண்டோம். பனிக்குள் இருந்துகொண்டு எங்கள் ஊரில் நடப்பதை நீ எங்களுக்கே சொல்லத் தொடங்கினாய். கல்லடிப் பாலத்தில் போக்குவரத்து முற்றாகத் தடை என்று நீ போட்ட நேரம் நான் கடையில் வாங்கின பாணும் கையுமாக அதே பாலத்தில் சைக்கிளில் வந்துகொண்டிருக்கிறேன். ஒரு பிள்ளையின் நடன அரங்கேற்றத்தை ஒருநாள் முந்திப் போட்டுவிட்டாய், செட்டிபாளையத்திலிருந்து பட்டுச்சேலை உடுத்துக்கொண்டு வந்த சனம் பூட்டின மண்டபத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. அதையெல்லாம் நாங்கள் சிரித்து விட்டுவிட்டோம். இது சிரித்து விடுகிற விசயமில்லை.

தங்கச்சி அஜந்தா பாசிக்குடா ஹோட்டல் வேலையை விட்டுப்போட்டு வாவிக்கரை மண்டபத்தில் பிள்ளைகளுக்கு ஓவிய வகுப்புத் தொடங்கினது உனக்குத் தெரியும். கொஞ்ச நாளிலேயே வகுப்பு நிறைந்துவிட்டது, தாய்மார் வாசலில் நின்று இடம் கேட்டார்கள். அவள் பிள்ளைகளை மண்டபத்துக்குள் அடைத்து வைக்கவில்லை, கரைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். மீன் பிடிக்கிற அழகரத்தினம் தன்னுடைய ஆட்களிடம் சொல்லிப் பழைய தோணிகளைக் கொண்டுவந்து கவிழ்த்துப் போட்டுக் கொடுத்தான், பிள்ளைகள் அதில் பெயின்ற் பூசிப் படம் கீறினார்கள். கலைவாரத்தில் அந்தத் தோணிகளை வாவியில் இறக்கி ஊருக்குக் காட்டுவதென்று ஏற்பாடு. தங்கச்சிக்குச் சாப்பாடு தண்ணியில்லை, வாயைத் திறந்தால் தோணிக் கதைதான். அந்த நேரம் பார்த்து நீ ஒன்று போட்டாயே, "வாவியில் இராட்சத முதலை! சிறுவர் ஓவிய வகுப்புக் கரையில் பரபரப்பு!" என்று. பக்கத்தில் வாயைப் பிளந்துகொண்டு ஒரு முதலைப் படம். வாவியில் முதலை இல்லையென்று நான் சொல்லவரவில்லை, தூரத்தில் சேற்றுக்கரைக் கண்ணாப் பற்றைகளுக்குள் கிடக்கிறதுதான். ஆனால் மடையா, அந்தப் படத்தை நீ ஒருக்காலாவது பார்த்தாயா? முதலைக்குப் பின்னால் மலை நிற்கிறது. கல்லடியில் எங்கேயடா மலை? நீ பிறந்து வளர்ந்த ஊரில் எந்த மலையில் ஏறி விளையாடினாய்? எவனோ எப்போதோ எந்தக் குளத்தடியிலோ எடுத்த படத்தைத் தூக்கி உன் தங்கச்சியின் வகுப்பு வாசலில் போட்டிருக்கிறாய். அதன் கீழே கனடாவில் இருக்கிற ஒருவன் தானும் அதைக் கண்ணால் கண்டதாகச் சத்தியம் செய்கிறான்.

அன்று பின்னேரம் தொடங்கி அஜந்தாவின் போன் ஓயவில்லை. காத்தான்குடி ஸஹீதா, மகள் றிஸ்லாவை ஓட்டோவில் ஒரு வகுப்பும் தவறாமல் கொண்டுவருகிறவ, நேரிலேயே வந்தா. "புள்ள, எனக்கு அனுப்ப விருப்பந்தான், அவட வாப்பா அந்தப் படத்தப் பாத்துப்போட்டு உடமாட்டன் எண்டு நிக்கிறாரு, இவள் அழுது துடிக்கிறாள்" என்று சொல்லிப்போட்டுத் தானும் அழுதுகொண்டு போனா. மண்டபக் குழுவினர் பாதுகாப்பு என்று ஒரு சொல்லைச் சொல்லிக் கதவைப் பூட்டி அவளிடம் இருந்த திறப்பையும் வாங்கிக்கொண்டார்கள். அழகரத்தினம் அவர்களுக்கு முன்னால் போய் நின்று, "நாள் முழுக்க அந்தத் தண்ணிக்குள்ளதான் நான் இடுப்பளவில நிண்டு வலை வீசுறன், என்னப் புடிக்காத முதல கரையில இரிக்கிற புள்ளையளப் புடிக்கவா வரப்போகுது" என்று கத்தினான். யார் கேட்டது? பேஸ்புக்கில் வந்துவிட்டதாம். கலைவாரமும் வந்து முடிந்துவிட்டது, எங்கள் பிள்ளைகளின் தோணி ஒன்றும் தண்ணீரில் இறங்கவில்லை. பாதிப் படத்தோடு கரையில் கிடக்கின்றன, ஒன்றில் மீனுக்கு வால் இல்லை.

தெரியாமல் செய்துவிட்டான் என்று இதையும் நான் பொறுத்திருப்பேன். ஆனால் அந்தப் பக்கத்தை நடத்துகிறவன் தன் கூடப்பிறந்தவன் என்று அஜந்தாவுக்குத் தெரியாது. பாவி, அவள் உன்னிடமே வந்து "அண்ணா, இந்தப் பேஜ் நடத்துறவன் ஆரெண்டு தேடித் தாங்க" என்று கேட்டாள். நீ என்ன பதில் போட்டாய்? "பொறு தங்கச்சி, நான் விசாரிச்சுப் பாக்கிறன்." அதை என்னிடம் ஓடிவந்து காட்டி, "அண்ணா இரிக்கிறார் அப்பா, இனிப் பயமில்ல" என்றாள். உனக்கு வெட்கம் என்று ஒன்று இல்லையா? சாப்பிட உட்காருகிற நேரமெல்லாம் அவள் அந்த முகம் தெரியாதவனை மண்ணள்ளித் திட்டுகிறாள், நானும் அம்மாவும் சோற்றுக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு இருக்கிறோம். ஒருநாள் எப்படியோ உன்னைப் போனில் பிடித்து, அதை அழி, பிழை என்று உன் பெயரைப் போட்டு எழுது என்று கேட்டேன். "முப்பதாயிரம் பேர் பாத்தாச்சு அப்பா, இப்பப் போய்ப் பிழையெண்டு போட்டாப் பேஜ்ட பேர் கெட்டிரும்" என்றாய். பேஜின் பேராம். தங்கச்சியின் பேர் கெட்டுக் கிடக்கிறது, அது உனக்குப் பெரிதில்லை. பஸ்ஸில் கொண்டக்டராக நின்று எத்தனையோ விதமான ஆட்களை இறக்கிவிட்டிருக்கிறேன், உன்னைப்போல ஒருவனைக் காணவில்லை.

நேற்று அஜந்தா பாசிக்குடாவுக்குப் போன் எடுத்துப் பழைய வேலை இருக்கிறதா என்று கேட்டாள். இருக்காம், வரட்டாம். வைத்துவிட்டு என்னிடம் வந்து, "என்ட பிழைதான் அப்பா, தண்ணிக்கரையில புள்ளையளக் கொண்டு வெச்சிருக்கப்படா" என்றாள். உன் பிழையைத் தன் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு தூரிகைகளை ஒவ்வொன்றாகக் கழுவிப் பெட்டிக்குள் அடுக்கினாள். நான் அழுகிற ஆளில்லை, நேற்று அழுதேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "சொல்லிராதீங்க, புள்ளையள் ரெண்டும் முகம் பாக்காமப் போயிருங்கள்" என்று கெஞ்சுகிறா. அம்மா எப்போதும் உன்னை நினைத்துத்தான் பேசுவா. இந்த வீட்டில் இன்னொரு பிள்ளையும் இருக்கிறது.

குளிர் கூடினால் காதை மூடிக்கொண்டு வெளியே போ, சின்ன வயதிலிருந்தே உனக்குக் காது குத்தி நோகிறது. கண்ட நேரத்தில் சாப்பிடாதே. அம்மா மிளகாய்த்தூள் இடித்து வைத்திருக்கிறா, அங்கே வருகிற யாரிடமாவது கொடுத்தனுப்புவா, நான் வேண்டாமென்றுதான் சொன்னேன், கேட்கவில்லை. மருமகளை விசாரித்ததாகச் சொல். நீ நீண்ட ஆயுளோடு நன்றாக இருக்கவேண்டும், இருந்து செய்ததைத் திருத்தவும் வேண்டும், அதுதான் என் ஆசீர்வாதம்.

ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள். எனக்கு அந்தப் போனில் படம் எடுக்கத் தெரியாது. நான் எழுதுகிற கடிதங்களைப் படம் எடுத்து உனக்கு வட்ஸ்அப்பில் அனுப்புகிறவள் அஜந்தா. எழுத்துத் தெளிவாக விழுந்திருக்கிறதா என்று தாள் தாளாக வாசித்துப் பார்த்துத்தான் அனுப்புவாள். இதையும் அவள் கையில்தான் கொடுக்கப்போகிறேன். உனக்கு வந்து சேருகிற நேரம் அவள் முழுவதையும் வாசித்து முடித்திருப்பாள். பதிலை எனக்கு எழுதாதே, அவளுக்கு எழுது.

இப்படிக்கு,
உன் அப்பா
க. வல்லிபுரம்