நாலு வயதுக் கைக்கு ஒரு நூல்

ஜூன் 4

முதுகு விண்விண்ணென்று தெறிக்கிறது. காலையிலிருந்து மர மணிகளுக்குத் துளை போட்டுக்கொண்டிருந்தேன். துளை பெரிதானால் மணி ஆடுகிறது. சிறிதானால் நூல் உரசி நைந்துபோகிறது. சனியன். ஆனாலும் சாயங்காலம் ஒருவழியாக நின்றுவிட்டது – ஒட்டகச்சிவிங்கி!

எலாஸ்டிக் நூலில் கோத்த வெறும் மணிகள்தான். தளர்ந்து கிடக்கும்போது மேஜைமேல் ஒரு மாலை, அவ்வளவே. நூலின் நுனியை இழுத்து, கடைசியில் இருக்கும் பூட்டு மணியின் கீறலில் மாட்டினால் மணிகள் ஒன்றோடொன்று இறுகிக் குச்சியாக விறைத்துக்கொள்ளும். நாலைந்து குச்சிகளைச் சேர்த்தால் வீடு, பாலம், ஏணி, எது வேண்டுமானாலும் கட்டலாம். நூலை விடுவித்தால் எல்லாம் மறுபடி மாலை.

பட்டறை முதலாளியம்மா சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "கழுத்தெல்லாம் ஜோராத்தான் நிக்குது. நாலு வயசுக் குழந்தை இதை இழுக்குமா?" என்றார். அதற்குத்தான் வீட்டில் ஆள் இருக்கிறதே. எங்கள் பொம்மை எதுவும் என் மனைவியின் கையைத் தாண்டாமல் கடைக்குப் போனதில்லை. மழலையர் பள்ளி டீச்சர். எதையும் கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் மட்டும் வைத்து இழுத்துப் பார்ப்பாள். "அதுதாங்க ஒரு குழந்தையோட பலம்" என்பாள். இதுவரை அந்தக் கணக்கு தப்பினதில்லை.

ஜூன் 5

அவளால் இழுக்க முடியவில்லை. "கல்லு மாதிரி இருக்கு. யாருக்குப் பண்ணீங்க இதை, பயில்வான் வீட்டுப் பிள்ளைக்கா?" என்று மேஜையில் போட்டாள். எனக்குச் சுருக்கென்றது. என்ன செய்ய, அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

ஜூன் 11

நூல் கடைக்காரரிடம் போனேன். பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். அவருடைய மாப்பிள்ளை கதை முழுவதையும் கேட்ட பிறகுதான் நூல் கண்ணில் பட்டது. ஒரு ரகம் மெல்லியதாக வாங்கிவந்தேன். இரண்டு விரலால் இழுத்து மாட்டிவிட்டாள். "ம், இப்ப சரி." அப்பாடா!

ஜூன் 29

இதென்ன கூத்து? அன்றைக்கு இழுத்த அதே நூல். இன்று பாதி தூரம் இழுத்துவிட்டு விட்டுவிட்டாள். "உங்க நூல் இறுகிப்போச்சு" என்கிறாள். ரப்பர் நாளானால் தளரும், இறுகாது; இது எனக்குத் தெரியாதா? துளைக்குள் பிசிறு இருக்கும், அது நூலைப் பிடிக்கிறது போல. எல்லாவற்றையும் மறுபடி தேய்க்க வேண்டும்.

ஜூலை 3

தேய்த்தாயிற்று. மெழுகும் தடவியாயிற்று. ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் மெல்லிய நூல்தான் வழி.

ஜூலை 9

முதலாளியம்மாவோடு நேருக்கு நேர் சண்டை.

"என்னங்க இது, தண்ணி போட்டுட்டு வந்த மாதிரி தள்ளாடுது?" என்றார். உண்மைதான், புது நூலில் ஒட்டகச்சிவிங்கியின் தலை தொங்குகிறது. ஆனாலும் விடவில்லை நான். "விறைப்பா நிக்கணுமா, குழந்தை இழுக்கணுமா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க" என்று கத்திவிட்டேன். பட்டறையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "உங்க வீட்டம்மா சொன்னாங்கன்னா சரி" என்று மெல்லிய நூலுக்கே மொத்தமாகச் சொல்லி அனுப்பினார். கடைசிச் சோதனை அவள் வகுப்பிலேயே.

ஜெயித்தது நான்தான். ஆனாலும் தொங்குகிற அந்தத் தலையைத் துணி போட்டு மூடிவிட்டுத்தான் வந்தேன்.

ஜூலை 15

கோப்பையைப் போட்டு உடைத்தாள். நான் வாயே திறக்கவில்லை, அதற்கே ஒரு பாட்டு விழுந்தது.

ஜூலை 22

எழுத வரவில்லை. எழுதித்தான் ஆக வேண்டும்.

அவள் வகுப்பில் எல்லாக் குழந்தைகளுக்கும் மணிகளைக் கொடுத்தோம். இழுத்தார்கள். சர்ரென்று இழுத்தார்கள்! கை முழுக்க நீண்டு நூல் வந்தது. கட்டின வீடு ஒவ்வொன்றும் படுத்துக்கொண்டது. ரெட்டைப் பின்னல் போட்ட ஒரு வாண்டு கேட்டது: "மாமா, இது ஏன் தூங்கிட்டே இருக்கு?"

பையின் அடியில் முதல்முதலாகச் செய்த மாதிரி கிடந்தது. அவள் கல் என்று சொன்னாளே, அது. எடுத்துக் கொடுத்தேன். வகுப்பிலேயே சின்னது, மூக்கு ஒழுகிக்கொண்டு நின்றது, ஒரே இழுப்பில் இழுத்துப் பூட்டு மணியில் மாட்டிவிட்டு அடுத்ததைக் கேட்டது.

எல்லோராலும் முடிகிறது. எல்லோராலும்! அப்படியென்றால் –

திரும்பிப் பார்த்தேன். அவள் பின்சுவர் ஓரமாகக் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். ஒரு பையன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து தரச்சொல்லி அவளிடம் நீட்டினான். ஆயா ஓடிவந்தார். "டீச்சர்கிட்ட குடுக்காதன்னு எத்தனை தரம் சொல்றது? இங்க கொண்டா." தினமும் சொல்கிறதைச் சொல்வது போலச் சொன்னார்.

நூல் சரியாகத்தான் இருந்திருக்கிறது.

ஜூலை 23

கேட்டேன். கத்தினேன் என்பதுதான் உண்மை. "எப்பலேர்ந்து? ஊருக்கெல்லாம் தெரியுது, ஆயாவுக்குத் தெரியுது, கட்டின புருஷன் எனக்குத் தெரியாதா? நான் என்ன மடையனா?"

அவள் அழவில்லை. துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பு சரியாக விழவில்லை. இப்போதுதான் அதைக் கவனிக்கிறேன். "எனக்கு மட்டும் தெரிஞ்சுதா? நீங்க நூல் சரியில்லன்னு மாத்திக்கிட்டே இருந்தீங்க. ஒவ்வொரு தரமும் புதுசுல முடிஞ்சுது. அப்ப நூல்தான்னு எனக்கும் தோணுச்சு." அடுத்த துணியை எடுத்துக்கொண்டு, "நூலாவே இருக்கட்டும்னு தோணுச்சு" என்றாள்.

மீதித் துணியை நான் மடித்தேன்.

ஆகஸ்ட் 6

நரம்பு டாக்டர் நல்ல மனிதர். நல்ல மனிதராக இருந்து என்ன பிரயோஜனம்? தசைக்குப் போகிற நரம்புகள் ஒவ்வொன்றாக வேலையை நிறுத்துகின்றனவாம். அவளுக்குக் கையில் ஆரம்பித்திருக்கிறதாம். போன பலம் திரும்பாது.

"அப்போ கைக்கு அப்புறம் எது டாக்டர்?" என்று, அடுத்த பஸ் எப்போது என்று கேட்கிற மாதிரி கேட்டாள். அவர் மேஜையைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னார். அதை இங்கே எழுத மாட்டேன்.

வெளியே வந்ததும் நான் பாட்டுக்கு நடக்க ஆரம்பித்துவிட்டேன். அவள்தான் ஆட்டோவைக் கூப்பிட்டாள்.

ஆகஸ்ட் 14

முதலாளியம்மாவிடம் சொன்னேன். வாங்கிக் குவித்த மெல்லிய நூலுக்காகக் காய்ச்சி எடுப்பார் என்று நினைத்தேன். கதவைச் சாத்திவிட்டு எதிரில் உட்கார்ந்தார். "பொம்மை முதல் நூல்லயே போகட்டும். நீங்க வரமுடிஞ்சப்ப வாங்க. அந்த நூலை என்ன செய்யலாம்?"

"எனக்கு வேணும்" என்றேன். ஏன் சொன்னேன் என்று அப்போது தெரியாது.

செப்டம்பர் 2

பள்ளியிலிருந்து நின்றுவிட்டாள். மேஜை நிறைய மணிகள். மெல்லிய நூலில் காலையிலிருந்து ஒரு பாலம் கட்டுகிறாள். நடுவில் தொய்கிறது. "குழந்தைங்களுக்கு ஆகாதது எனக்கு ஆகுது பாருங்க" என்று சிரித்தாள். இரண்டு விரல் கணக்கெல்லாம் போயிற்று. இப்போது இரண்டு கையாலும் இழுக்கிறாள்.

அக்டோபர் 19

பொம்மை கடைக்கு வந்துவிட்டது. கண்ணாடிக்குப் பின்னால் ஒட்டகச்சிவிங்கி நெட்டுக்குத்தாக நிற்கிறது. நன்றாக விற்கிறதாம். எல்லோரும் கைகுலுக்குகிறார்கள். எனக்கு அதைக் கண்டாலே பற்றிக்கொண்டு வருகிறது.

நவம்பர் 10

நூல் மாற்றினேன். இன்னும் ஒரு ரகம் கீழே.

டிசம்பர் 1

மறுபடியும்.

டிசம்பர் 17

சோறு ஊட்டும்போது, "உங்களுக்கு இதெல்லாம் வரும்னு நான் நினைக்கவே இல்ல" என்றாள். பாராட்டா, கிண்டலா? தெரியவில்லை. அவளுக்குப் பொத்தான் போட்டுவிடும்போது இன்னும் திட்டு வாங்குகிறேன். அவள் திட்டுகிற வரைக்கும் எனக்குத் தெம்பு இருக்கிறது.

ஜனவரி 8

நூல் கடை. இதைவிட மெல்லியது கேட்டேன். கடைக்காரர் எல்லாப் பெட்டிகளையும் இறக்கிப் பார்த்தார். மாப்பிள்ளை கதை இன்று வரவில்லை.

"இதுக்குக் கீழ இழுவையே கிடையாதுங்க. இதுக்கப்புறம் சாதா நூல்தான்" என்றார்.

சாதா நூலே ஒரு கண்டு வாங்கிக்கொண்டு வந்தேன்.

கோத்துக் காட்டியதும் கண்டுபிடித்துவிட்டாள். அவளையா ஏமாற்ற முடியும்? "இது நிக்காதுங்களே."

"நிக்காது."

"சரி. நீங்க இழுங்க, நான் பிடிச்சுக்கிறேன்."

முதல் மணியை அவள் விரல்களுக்கு நடுவில் வைத்தேன். மறுமுனையை மெதுவாகத்தான் இழுத்தேன். விரல்கள் அப்படியே இருந்தன. மணி நழுவி என் பக்கம் வந்துவிட்டது.

"பிடிச்சேனா?" என்று கேட்டாள்.

"பிடிச்சே" என்றேன்.