பால் பொங்கிய கரவன்

ட்வெய்ட்டா, ஒஸ்லோ
19.06.2006

அன்பும் மதிப்பும் நிறைந்த அருட்செல்வம் அண்ணைக்கு,

நீங்களும் அண்ணியும் பிள்ளைகளும் ரொறன்ரோவில் நல்ல சுகமாய் இருப்பீர்கள் என்ற நம்பிக்கையோடு சச்சிதானந்தன் எழுதிக்கொள்வது. முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு இப்போது புருவம் இல்லை. இரண்டும் இல்லை. காலமை வேலைக்குப் போகமுன் என் மனுசி சிறிதேவி தன்னுடைய கண்மைப் பென்சிலால் கீறிவிடுகிறா. அன்றைக்கு அவவுக்கு என்னில் எவ்வளவு கோபமோ, அந்த அளவுக்குப் புருவமும் வளையும். வெள்ளிக்கிழமை நெற்றியின் பாதியில் கொண்டுபோய் வைத்துவிட்டா. நான் சமையல் செய்கிற முதியோர் இல்லத்தில் ஒரு கிழவி என்னைப் பார்த்து, நீயே இப்படி ஆச்சரியப்படுகிற மாதிரி இன்றைக்கு என்ன சமையல் என்று கேட்டா. வழமையான மீன் உருண்டைதான் என்றேன்.

அன்றைக்கு நீங்கள் ரெலிபோன் எடுத்தபோது நான் ஓம், ஓம் என்று மழுப்பியதற்குக் காரணம், உங்கள் தங்கச்சி கிருஷ்ணகுமாரி எனக்குப் பக்கத்தில் எங்கள் சோபாவில் இருந்ததுதான். அவவைப் புருசனிடம் திரும்பிப் போகச் சொல்லுவதா, உங்களிடம் கூப்பிடுவதா என்று முடிவெடுக்கவேண்டும், நடந்ததை ஒரு பக்கமும் சாயாமல் எழுது என்றீர்கள். நான் ஒரு பக்கமும் சாயாதவன் என்பது ஊருக்கே தெரியும். எழுதுகிறேன்: உங்கள் மச்சான் பிலேந்திரன் ஒரு விசரன். என் கூட்டாளி என்றபடியால் அவன் என்றே எழுதுகிறேன், குறை நினைக்கவேண்டாம்.

விசர் தொடங்கியது அவன் ஓட்டுகிற பஸ்ஸில். எமிலி என்று ஒரு நோர்வேக்கார மனுசி நாளாந்தம் அதில் வந்துபோகிறவ. தன்னுடைய தம்பியின் பண்ணையில் காருக்குப் பின்னால் கொழுவி இழுக்கிற, உள்ளுக்குச் சமைத்துப் படுக்கக்கூடிய அறுபத்தெட்டாம் ஆண்டுக் கரவன் வண்டி ஒன்று கிடக்குது, இழுத்துக்கொண்டு போறாய் எண்டால் சும்மா எடு என்று சொல்லியிருக்கிறா. ஹாமார் என்ற ஊர் வரைக்கும் என்னையும் கூட்டிக்கொண்டு போனான். கதவைத் திறந்தால் உள்ளுக்குக் கோழிகள். வாடகைக்கு வீடு பார்க்க வந்த சனத்தைப் பார்க்கிற மாதிரி எங்களை ஏற இறங்கப் பார்த்தன. நான் சுவரில் பெருவிரலை வைத்து அழுத்தினேன். தண்ணீரில் ஊறின பாண் துண்டுக்குள் போவது போலப் போய்விட்டது. விறகுக்கும் உதவாது, விட்டிட்டு வா என்றேன். அவன் யன்னலின் வட்ட மூலையைத் தடவிக்கொண்டு நின்றான். பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னான், இது ஒரிஜினல் எண்டு.

அதற்குப் பிறகு அந்த ஒரு சொல்லைக் கேட்டுக் கேட்டே என் காது புளித்துவிட்டது. ரொம்சோஸ் மேட்டுக்குக் கீழே லொறிகள் நிற்கிற வளவொன்றில் மூலையை வாடகைக்கு எடுத்தான். அலுமினியத் தகட்டை ஆணி ஆணியாய்க் கழற்றி, உக்கிய மரச்சட்டங்களை எடுத்து, அதே அளவில் புதிது வெட்டிப் பூட்டினான். யன்னல் ரப்பர் ஒன்றுக்காகச் சுவீடன் முழுக்க விசாரித்தான். கதவுக்குப் புதுக் கைபிடி போடன் என்றால், போட்டால் கரவன் செத்துப்போகும் என்பான். செம்மஞ்சள் திரைச்சீலை கூடத் தன் கையாலேயே தைத்தான். என் மனுசி தைத்துத் தாறன் என்று கேட்டும் கொடுக்கவில்லை, அது குமாரிக்கு எண்டான்.

குமாரிக்கு வேண்டியது மோர்டென்ஸ்ருட்டில் ஒரு தொடர்வீடு. அதுவும் நியாயம்தானே அண்ணை. மாடி அடுக்கில் பதினெட்டு வருசம் இருந்துவிட்டா. ஞாயிற்றுக்கிழமைகளில் விற்கிற வீடுகளைத் திறந்து காட்டுவார்கள். ஒவ்வொரு ஞாயிறும் பிலேந்திரனுக்குப் பசை காயவேணும், இல்லாவிட்டால் வார்னிஷ் காயவேணும். ஒருநாள் நான்தான் குமாரியைக் காரில் ஏற்றிக்கொண்டு போனேன். ஒரு அலுமாரி விடாமல் திறந்து பார்த்தா. அவர் வரேல்லையோ என்று வீட்டுத் தரகர் கேட்க, அவர் வேலை எண்டா. வரும்போது வழி முழுக்க நான்தான் பகிடி விட்டுக்கொண்டு வந்தேன், அவ ஒன்றுக்கும் சிரிக்கவில்லை. எனக்கு மனம் நொந்துபோச்சு, அதில் இரண்டு நல்ல பகிடிகள் இருந்தன.

கடைசியில் இந்த மே மாதம் வேலை முடிந்தது. குமாரி, வீடு ரெடி, வந்து பார் என்று சொல்லியிருக்கிறான் விசரன். முதல்நாள் என்ன செய்யலாம் என்று என்னிடம் கேட்டான். வீடெண்டால் பால் காய்ச்சத்தானே வேணும் என்று ஒரு கதைக்குச் சொன்னேன். என் பகிடிக்கு மற்றச் சனம் சிரித்துவிட்டுப் போகும். இவன் போய்ப் பால் வாங்கிவிட்டான்.

எத்தனையோ குடும்பங்களைக் கூப்பிட்டான். எல்லோருக்கும் அன்றைக்கென்று எங்கேயோ பிறந்தநாள் வந்துவிட்டது. போனது நாங்கள் இரண்டு பேர். நாங்களும் என்ன கூத்தென்று விடுப்புப் பார்க்கத்தான் போனோம், உங்களுக்கு ஏன் ஒளிப்பான். குமாரி கூறைச்சேலை கட்டிக்கொண்டு, பிலேந்திரன் வற்புறுத்தித்தான், லொறிகளுக்கு நடுவால் கல்லும் கிரீசும் மிதித்து வந்தா. ஒரு லொறிக்காரன் விசிலடித்தான். குமாரியின் முகம் சிவந்திருந்தது. வெட்கம் என்று நினைத்தேன்.

எங்கள் முறைப்படி செருப்புகளைப் படியடியில் கழற்றிவிட்டு உள்ளே போனோம். நான்கு பேர் நின்றால் ஆளை ஆள் மூக்கால் இடிக்கவேண்டிய இடம். ஆனால் உண்மையைச் சொல்லவேண்டும் அண்ணை, வடிவாய் இருந்தது. காஸ் அடுப்பும் அந்தக் காலத்து அடுப்பேதான். இப்பத்தை அடுப்பெண்டால் நெருப்பு அணைஞ்சால் காஸ் தன்பாட்டில் நிண்டிடும், இதிலை அப்பிடியெல்லாம் இல்லை, ஒரிஜினல் என்று பெருமையாய் விளங்கப்படுத்தினான். குமாரி எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு பாலை வைத்தா.

பால் பொங்கியது. நாலாபக்கமும் வழிந்தது. பொங்கீட்டுது, பொங்கீட்டுது என்று கை தட்டினோம். வழிந்த பால் அடுப்பையும் அணைத்துவிட்டதை நாங்கள் கவனிக்கவில்லை. பால் வழிந்தால் யார் அண்ணை அடுப்பைப் பார்க்கிறது? குமாரி பால்ச்சட்டியோடு வெளியே இறங்க, சிறிதேவியும் பின்னால் போனா. கோப்பைகளில் ஊற்றப் போகிறார்கள் என்று நாங்கள் தேவாரம் தொடங்கினோம். என் தொண்டை உங்களுக்குத் தெரியும். என்னவோ மணந்ததுதான், வார்னிஷ் என்று இருந்துவிட்டோம். தேவாரம் முடிய அவன் கற்பூரம் கொளுத்த நெருப்புக்குச்சியைத் தட்டினான்.

சத்தம் பெரிதில்லை. மாடு ஒன்று ஒருமுறை இருமினது போல. பார்த்தால் நான் கல்லில் கிடக்கிறேன், பிலேந்திரன் எனக்கு மேலே கிடக்கிறான், அவன் தைத்த திரைச்சீலை பந்தம் மாதிரி எரிகிறது. எழும்பினவன் படியடியைப் பார்த்தான். குமாரியின் செருப்பு அங்கேயே கிடந்தது. செருப்பு இருந்தால் ஆள் உள்ளுக்கு, எங்கள் சனத்தின் கணக்கு அதுதானே. குமாரி, குமாரி என்று கத்திக்கொண்டு திரும்ப நெருப்புக்குள் போய்விட்டான். சிறிதேவியின் செருப்பும் பக்கத்தில்தான் கிடந்தது. எனக்கு அந்த யோசனை வரவில்லை.

குமாரி வேலியோரம் ஒரு பேர்ச் மரத்தடியில் வெறுங்காலோடு நின்றா, கையில் பால்ச்சட்டி. அவன் கத்துகிறது கேட்கிற தூரம்தான். இஞ்சை நிக்கிறன் என்று சொல்லவில்லை. அதிர்ச்சியில் வாய் கட்டிப்போய்விட்டது என்று நினைக்கிறேன், பாவம். விசிலடித்த லொறிக்காரன்தான் ஓடிப்போய் அவனைக் காலில் பிடித்து வெளியே இழுத்தான். கை இரண்டும் வெந்துபோய்விட்டன. இனி ஸ்டியரிங் பிடிக்கலாமோ தெரியாது என்கிறார்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். கைகளுக்குப் பெரிய பஞ்சுப் பொட்டலம் சுற்றி வைத்திருக்கிறார்கள். குமாரிக்கு ஒண்டும் இல்லையே, ஏன் வரேல்லை என்று கேட்டான். நாளைக்கு வருவா என்றேன். ஒவ்வொரு முறையும் நாளைக்கு என்றுதான் சொல்லுகிறேன். பிறகு, யன்னல் ஒண்டாவது தப்பினதோ என்று கேட்டான். ஒன்று தப்பியது. இல்லை என்று சொல்லிவிட்டேன், இல்லாவிட்டால் அதைச் சுற்றித் திரும்பவும் ஒரு கரவன் கட்டுவான். குமாரி இங்கே எங்கள் வீட்டில் நன்றாய்ச் சாப்பிடுகிறா, நாடகம் பார்க்கிறா, சிறிதேவியும் அவவும் குசுகுசுத்துச் சிரிக்கிறார்கள். முந்தி நான் கண்ட குமாரி இல்லை.

ஆகவே அண்ணை, என் நடுநிலையான அபிப்பிராயம், ஒரு பழைய அடுப்புக்காகக் கட்டினவளையே கொல்லப் பார்த்தவனிடம் உங்கள் தங்கச்சியைத் திருப்பி அனுப்பாதீர்கள். ரொறன்ரோவுக்குக் கெதியாய்க் கூப்பிடுங்கள். எவ்வளவு கெதியோ அவ்வளவு நல்லது. பிலேந்திரன் பெயரில் அங்கே கோயிலில் ஒரு அர்ச்சனை செய்யுங்கள், என் பெயரையும் சேர்த்துவிடுங்கள். பதிலைத் தயவுசெய்து வீட்டுக்குப் போடவேண்டாம், கடித உறையின் பின்பக்கத்தில் எழுதியிருக்கிற வேலைத்தள முகவரிக்குப் போடுங்கள்.

ஆண்டவன் உங்கள் வீட்டையும் எங்கள் வீட்டையும் காக்கவேண்டும்.

என்றும் உங்கள் அன்புத் தம்பி,
சச்சிதானந்தன்

பி.கு: நேற்றுச் சிறிதேவி கதையோடு கதையாய்ச் சொன்னா. காஸ் மணக்குது அக்கா, வெளியிலை வாங்கோ என்று குமாரிதான் அன்றைக்குத் தன் காதுக்குள் சொன்னதாம். எங்களுக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். நீங்கள் ரண்டுபேரும் தேவாரம் பாடிக்கொண்டெல்லோ நிண்டனீங்கள், குழப்பக்கூடாது எண்டு விட்டிட்டம் என்றா.