பென்சில் புருவமும் கோள்மூட்டி நொதியும்

மார்ச் 4
இடது புருவம் முழுதாகக் கொட்டிவிட்டது. ஊருக்கெல்லாம் நூலால் புருவம் திருத்திப் பிழைக்கிறவள் நான்! பார்லருக்கு வந்த பெண் என் முகத்தைப் பார்த்தாள், "அப்புறமா வர்றேங்க்கா" என்றாள். எங்கே வரப்போகிறாள்? இப்படியே போனால் கடையை இழுத்து மூட வேண்டியதுதான்.

மார்ச் 5
பென்சிலால் வரைந்துகொண்டேன். கொஞ்சம் மேலே ஏறிவிட்டது. காலையிலிருந்து வீட்டுக்காரர், "இப்ப நான் என்ன பண்ணேன்? ஏன் மொறைக்கிற?" என்று பின்னாலேயே சுற்றுகிறார்.

மார்ச் 11
தோல் டாக்டரிடம் போனோம். உடம்பைக் காக்கிற செல்களே என் முடிவேரை எதிரி என்று நினைத்துத் தாக்குகின்றனவாம். 'தாக்கு' என்ற சேதியைச் செல்லுக்குள்ளே கடத்துவது ஒரு நொதி. ஜேக் என்று பெயர். மாத்திரை அதன் வாயை அடைக்குமாம்.

"கோள்மூட்டியா? எங்க வீட்லயும் ஒண்ணு இருக்கு டாக்டர், என் நாத்தனார்" என்றேன். நாத்தனாரின் அண்ணன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். மறந்தே போனேன்.

மார்ச் 18
ரத்தப் பரிசோதனை சரி. மாத்திரை ஆரம்பம்.

ஏப்ரல் 20
தொண்டை வலி, காய்ச்சல். டாக்டர் மாத்திரையை நிறுத்தச் சொன்னார். "நிஜக் கிருமி வந்தாலும் அதே நொதிதாம்மா சேதி சொல்லணும். அதத்தானே அடக்கி வச்சிருக்கோம்?"

அட, ஆமாம்!

நாத்தனார் வந்து சமைத்துப்போட்டாள். "அண்ணி, எதிர்வீட்ல எல்லாருக்கும் காய்ச்சல், அந்தப் பக்கமே போகாதீங்க" என்று தெருவையே ஒப்பித்தாள். நல்லவேளை, இவள் வாய்க்கு மாத்திரை இல்லை.

ஏப்ரல் 29
காய்ச்சல் விட்டது. டாக்டர் சொல்லி மறுபடியும் மாத்திரை.

ஜூன் 20
என் கையை உடைத்து அடுப்பில் போட! கண்ணாடியில் இடது பக்கம் ஒற்றை முடி துருத்திக்கொண்டிருந்தது. கை தன்னால் நூலை எடுத்தது. ஒரே இழுப்பு. அப்புறம்தான் உறைத்தது — திரும்பி வந்த முதல் முடி! இதுக்குத்தானே இத்தன நாளா காத்திருந்தேன், பாவி? அழுதேன். ஆற்றாமையில் நாத்தனாரிடம் வேறு சொல்லித் தொலைத்தேன்.

ஜூன் 21
தெருவுக்கே தெரிந்துவிட்டது. ஒரு முடிக்காகக் கடை நிறையத் துக்கம் விசாரிக்க வந்தார்கள். வந்தவர்களில் பாதிப் பேர் அப்படியே புருவம் திருத்திக்கொண்டு போனார்கள்.

செப்டம்பர் 14
கடையில் நல்ல கூட்டம். களைத்துப்போய் வீட்டுக்கு வந்தால், வீட்டுக்காரர் பால் வாங்க மறந்துவிட்டு நிற்கிறார். முளைத்து வந்த புருவத்தை நெரித்து நிமிர்ந்து பார்த்தேன்.

"கோவமா இருக்கியா?" என்றார்.

பென்சில் எந்த மூலையில் கிடக்கிறதோ தெரியாது. இந்தத் தடவை சரியாகத்தான் சொன்னார்.