வாத்தியார் அவிழ்த்த துணி

உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், உன் வீட்டுக்காரி மகளையும் கூட்டிக்கொண்டு இலத்தூரிலிருந்து தென்காசிக்கு வந்தாள். பழைய செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலத்தை என்னிடம் நீட்டினாள். "அண்ணே, இத ஒங்க கையில குடுத்துரணும்னு சொன்னாவ. வேற ஒண்ணும் சொல்லல."

உள்ளே ஒரு முழ நீளத்துக்கு வேட்டிக் கரைத் துணி. மஞ்சள் வெளுத்துப் போயிருந்தது. முடிச்சு விழுந்த இடத்தில் மட்டும் குங்கிலியப் பால் ஒட்டிக் கறுத்துக் கிடந்தது. முகர்ந்து பார்த்தேன். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் வாசனை போகவில்லை. அன்றிலிருந்து எனக்குச் சரியான தூக்கம் இல்லை.

உலகச் சண்டைக் காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல், பஸ்ஸின் முதுகில் கரியடுப்பைக் கட்டி ஓட்டினார்களே, நினைவிருக்கிறதா? சுரண்டை பஸ்ஸில் ஏறி இறங்கினால் நம் வேட்டியும் கரியாகிவிடும். அந்த அடுப்புகளுக்குக் கரி வேண்டும் என்று குற்றாலத்து மலைச்சரிவை வெட்ட உத்தரவு வந்தது. வெட்டவேண்டிய மரத்தில் பட்டையைச் செதுக்கி, முத்திரைச் சுத்தியலால் அடிக்கிற வேலை எனக்கு. காட்டிலாகா கார்டு என்றால் பெரிய உத்தியோகம் என்று ஊரே நினைத்தது. நீ மட்டும், "மரத்துக்குச் சாவோலை எழுதுற வேலைலே ஒனக்கு" என்று கேலி செய்வாய்.

பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தி முடித்ததும் நீ குளத்துக்கரைக்குப் போய் விவசாயிகளிடம் பேசுவாய். மலை மொட்டையானால் குளம் நிறையாது என்பது அவர்களுக்கு நீ சொல்லித் தெரியவேண்டியதில்லை. என்ன செய்வது என்பதுதான் தெரியவில்லை. வழியை நீ சொன்னாய். சாஸ்தாவுக்கு நேர்ந்து மஞ்சள் துணி கட்டிய மரத்தில் யாரும் கோடாலி வைக்கமாட்டார்கள். ரேஷன் துணிகூட ஒழுங்காகக் கிடைக்காத அந்த நாளில் பெண்கள் பழைய சேலையைக் கிழித்து மஞ்சளில் முக்கிக் கொடுத்தார்கள். ஒரே வாரத்தில் கீழ்ச்சரிவு முழுக்க மஞ்சள். ரேஞ்சர் பார்த்துவிட்டு, "ஊர்ச் சண்டை நமக்கு எதுக்கு? துணி இருக்கிறத விட்டுரும்" என்றார். நமக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

மேல்சரிவில் ஒரே ஒரு துணிதான். அது உன்னுடையது. மகளுக்கு டைபாய்டு வந்து பிழைப்பாளோ என்று இருந்தபோது, சாமி கும்பிடாத நீ, வீட்டுக்காரியின் அழுகையைப் பார்க்க மாட்டாமல் உன் வேட்டிக் கரையைக் கிழித்து அந்தப் பெரிய குங்கிலிய மரத்தில் கட்டினாய். அதில் ஓர் இருவாச்சிப் பறவை கூடு வைத்திருந்தது. பெட்டை பொந்துக்குள் போய் வாசலைப் பூசி அடைத்துக்கொண்டு, ஒரு கீற்று இடைவெளி மட்டும் விட்டிருந்தது. ஆண் அத்திப்பழம் கொண்டுவந்து அதன் வழியே ஊட்டும். நாம் இருவரும் ஒரு பொழுது முழுக்க உட்கார்ந்து அதைப் பார்த்தோம். "ஆம்பள வரலைன்னா உள்ள இருக்கது செத்துரும்லே. எவ்வளவு நம்பிக்கை பாரு" என்றாய். உனக்குக் கண் கலங்கியிருந்தது.

மகள் பிழைத்தாள். நேர்ச்சை நிறைவேறினால் துணியை அவிழ்த்துப் பொங்கலிட வேண்டும். அவிழ்த்த அன்றே அடுத்ததைக் கட்டக்கூடாது, சாமி பேராசை என்று நினைக்கும் என்பது உன் வீட்டுக்காரியின் கட்டளை. அன்று சாயங்காலம் வாழையிலையில் சர்க்கரைப் பொங்கலோடு என் வீட்டுக்கு வந்தாய். "இன்னைக்கு அவுத்துட்டேன். நாளைக் கழிச்சு வேற துணி கட்டிருதேன்லே. மேலச்சரிவுக்கு அடுத்த மாசந்தான வாரீய?" என்று கேட்டாய்.

ஆமாம் என்றேன். எனக்கும் அதுதான் தெரியும்.

மறுநாள் காலையில் ரேஞ்சர் கிளம்பச் சொன்னார். கரி போதவில்லையாம், மேல்சரிவை இன்றே முடிக்கவேண்டுமாம். அந்த மரத்தடியில் என் கால் நின்றுவிட்டது.

"என்னவே நிக்கேரு? துணி இருக்கா, இல்லையா?"

உன் பொங்கலின் நெய் வாசம் அப்போதும் என் விரலில் இருந்தது. கூடு இருக்கிறது ஐயா, இலத்தூர்க்காரர்களின் நேர்ச்சை மரம் ஐயா, நாளைக்குத் துணி வந்துவிடும் ஐயா. இதில் ஏதாவது ஒன்றைச் சொல்லியிருக்கலாம். வேலை போய்விடும் என்று பயந்தேன். "இல்லைங்கய்யா" என்றேன்.

மூன்று அடி அடித்தேன். ரேஞ்சர் அதற்குள் அடுத்த மரத்துக்கு நடந்துவிட்டார். எனக்கு மட்டும் கேட்டது. மரத்துக்குள்ளேயிருந்து யாரோ திருப்பித் தட்டினார்கள்.

நீ புதுத்துணியோடு ஏறிவந்தபோது மரம் கிடந்தது. பொந்து பிளந்திருந்தது. இறகு உதிர்த்துப் பறக்க முடியாமல் உள்ளே இருந்த பெட்டையையும் குஞ்சையும் நீதான் எடுத்துப் புதைத்தாய். ஆண் பறவை வாயில் பழத்தோடு மூன்று நாள் வந்து அந்த வெற்றிடத்தைச் சுற்றியது என்று சொன்னாய். நான் போய்ப் பார்க்கவில்லை. உன் முகத்தைப் பார்த்து ஒரு பொய்யும் சொன்னேன். "அன்னைக்கு நான் கீழச்சரிவுல நின்னேன்லே. மேல யாரு அடிச்சானோ தெரியாது."

நீ குளத்துக்கரையில் எல்லாரையும் கூட்டி, "தப்பு என்னோடது. துணிய அவுத்தது நான்" என்றாய். குரல் உடைந்து நீ நின்ற நிலையைப் பார்த்துத்தான் ஊர் கொதித்தது. ஆணும் பெண்ணும் கஞ்சிக் கலயத்தோடு மலையேறி, மரத்துக்கு ஒருவராக உட்கார்ந்தார்கள். பத்து நாள் ஒருவரும் இறங்கவில்லை. கடைசியில் வெட்டு நின்றது. இன்றைக்கும் சரிவு பச்சையாக இருக்கிறது. அந்த அடிமரத்துக்கு மட்டும் 'வாத்தியார் அவிழ்த்த மரம்' என்று பெயர் விழுந்துவிட்டது. பிள்ளைகள்கூட அப்படித்தான் சொல்கின்றன. ஒவ்வொரு தடவையும் நீ தலையைக் குனிந்துகொள்வாய். பக்கத்தில் நான் வெற்றிலை மென்றுகொண்டு நிற்பேன்.

எல்லாம் தெரிந்துதான் துணியை அனுப்பினாயா? இல்லை, கூட இருந்து அந்தக் கூட்டைப் பார்த்தவன் நான் ஒருவன்தான் என்று அனுப்பினாயா? எதுவென்று இனி நீ சொல்லப்போவதில்லை. எனக்கு இரண்டும் ஒரே அளவுக்கு வலிக்கிறது.

ஊரார் வருஷந்தோறும் மாசியில் துணி கட்டப் போகிறார்கள் அல்லவா, இந்த வருஷம் நேற்றுப் போனார்கள். புறப்படும் முன் குளத்துக்கரையில் நீ நின்ற இடத்தில் நின்றேன். "அவன் அவுத்தது தப்பில்ல. தெரிஞ்சே அடிச்சது நான்" என்றேன். உன் வீட்டுக்காரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி வீட்டுக்கு நடந்துவிட்டாள். உன் மகள் மட்டும் என்னோடு மலையேறினாள்.

அடிமரத்துக்குப் பக்கத்தில் இன்னொரு குங்கிலியம் வளர்ந்திருக்கிறது. துணியை அவளே வாங்கிக்கொண்டாள். "என்ன வேண்டிக்கிட்டுக் கட்டணும் மாமா?"

"ஒண்ணும் வேண்டாத தாயி. வேண்டினா நிறைவேறிரும். நிறைவேறினா அவுக்கணும்."

முடிச்சைப் போட்டுவிட்டு அவள் மரத்தில் உள்ளங்கையை வைத்து நின்றாள். "ஒங்களுக்கு அது இப்பவும் கேக்குதா மாமா?" என்றாள். தட்டுச் சத்தத்தைப் பற்றி ஏறும் வழியில் சொல்லியிருந்தேன்.

கேட்கிறது என்றேன். இதை எழுதும்போதும் கேட்கிறது. மூன்று அடிக்கு இரண்டு தட்டு. அடித்தது யார் என்று உள்ளே இருந்த பெட்டைக்குத் தெரியாது. ஆண்தான் பழத்தோடு வந்திருக்கிறது என்று நினைத்துத்தான் தட்டியது.